எட்டு தசம் நாலு

மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சிங்களம்தான் சரளம்.
எண்களை மட்டும் தமிழில் சொல்வார்
நிறுத்தி, உரத்து, ஏலம் விடுவதுபோல.
தேவசங்கரி, ஒன்பது தசம் ஒன்று.
டிலுக்ஷனா, பன்னிரண்டு. வகுப்பே கைதட்டியது.
எனக்கு எட்டு தசம் நாலு.
விரல் நுனியில் பஞ்சை அழுத்திக்கொண்டு
இது பரீட்சைப் புள்ளியாக இருந்தால்
அப்பா என்ன சொல்வார் என்று யோசித்தேன்.

கீரை சாப்பிடு என்றார்.
கீரை இருக்கிறது, மிஸ்.
ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே
பீலித் தண்ணீர் வழியும் கானோரம்
வல்லாரை கேட்பாரற்றுக் கிடக்கிறது.
மேலே மருந்தடித்த மூன்றாம் நாள்
அதன் ஓரமெல்லாம் சாயம் குடித்ததுபோல் பழுத்திருக்கும்.
இதையும் சொல்லியிருக்கலாம்.
வரிசை நீளம். மணி பன்னிரண்டு.

தண்ணீர் குடிக்கிறாயா?
இல்லை, இங்கே யாரும் குடிப்பதில்லை.
போன வருஷம் மே மழையில்
பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்
கதவோடு, வாளியோடு ஆற்றுக்குப் போனது.
ஆண்பிள்ளைகளுக்குத் தேயிலைச்செடி மறைவு.
எங்களுக்கு ஒன்றரை மணி வரை
பொறுமை.

விஜிதா அந்த மூன்று நாளும் வருவதில்லை.
இடாப்பில் அது ‘காய்ச்சல்’.
மாதாமாதம் காய்ச்சல் வருகிற பிள்ளை என்று
அதிபர் பாவப்பட்டு
ஒரு அட்டை பனடோல் கொடுத்தனுப்பினார்.

எங்கள் காம்பிராவில் ஒரே கலண்டர்,
ஹட்டன் நகைக்கடை கொடுத்தது.
லட்சுமியின் காலடியில் தேதிகள்.
மருந்தடித்த நாளில் அப்பா பெருக்கல் குறி போடுவார்,
அரைப்பேர் போட்டுவிட்டால் காட்டிக் கேட்க.
என் நாட்களுக்கு நான் வட்டம் போடுவேன்
பென்சிலால், கண்ணில் படாத அளவுக்கு.
பெப்ரவரியில் வட்டமே இல்லை.
மார்ச்சில் இரண்டு.
ஏப்ரலில் பதினொரு நாள்,
வட்டத்தை இழுத்து இழுத்து முட்டையாக்கினேன்.
பெருக்கல் குறி மட்டும் ஒருபோதும் தவறவில்லை.

மருந்தடித்தால் கூலிக்கு மேல் கொஞ்சம் காசு.
அந்தக் காசில்தான்
கடைக்காரர் பேப்பரில் சுற்றி, முகம் பாராமல் நீட்டும்
பொட்டலம் எனக்கு வருகிறது.
அப்பாவின் பூட்ஸை நான்தான் கழுவுகிறேன்.
கழுவிய தண்ணீர் கானுக்கு.
கான் எந்தப் பக்கம் போகிறது என்று
முன்பே சொன்னேன்.

தண்ணீர் பார்க்க ஜீப் வந்தது
நாலு நாள் வெயிலுக்குப் பிறகு.
அன்றைக்கு எங்கள் பீலி
கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் இருந்தது.
கட்டிலடியில் வைத்திருந்த சோடாப் போத்தலை எடுத்து வந்தேன்.
பெருக்கல் குறிக்கு மறுநாள் விடியலில் பிடித்தது.
பிளாஸ்டரில் தேதி, நேரம், என் கையெழுத்து.
குலுக்கினால் கழுத்துவரை நுரை.
வந்த ஐயா நல்லவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
“இது செல்லாது தங்கச்சி.
எங்கட போத்தலா இருக்க வேணும்.
எங்கட ஆள் பிடிச்சிருக்க வேணும்.”

லயத்து முனையில் அப்பா நின்றிருந்தார்.
முதுகில் டாங்கி இல்லாதபோதும்
ஒருபக்கம் சாய்ந்துதான் நிற்பார்.
போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
உள்ளே போய்
கலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்.
“நான் அடிச்ச நாளுங்க. ஒண்ணு விடாம இருக்கு.
அடுத்தது வர்ற வியாழக்கெழம.
வெள்ளி காலையில வாங்க.”

ஐயா தாள்களைப் புரட்டினார்.
ஏப்ரலில் விரல் நின்றது.
“இந்த வட்டம்?”

அப்பாவுக்குத் தெரியாதென்றே
இத்தனை மாதம் நினைத்திருந்தேன்.
“அது புள்ளையோட கணக்கு,” என்றார்
தரையைப் பார்த்தபடி.
“அதையும் எழுதிக்குங்க.”

வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்.
ஜீப் வராவிட்டாலும் இருக்கட்டும் என்று
இரண்டு போத்தல் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
கழுவ
வேறு தண்ணீர் இல்லை.